பிரமி எது, வல்லாரை எது?

நான் இருக்கும் ஊரில் இந்தியச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. அரிசி மூட்டைக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு தட்டு முழுக்க மருந்துப் புட்டிகள். போன மாதம் அதில் இரண்டு புட்டிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பெரிய எழுத்தில் 'பிராமி'. இரண்டிலும் ஞாபகசக்தி, முதுமை மறதி என்று ஏதேதோ. பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் ஒன்றில் இருப்பது பக்கோபா மொன்னியேரி, மற்றதில் இருப்பது செண்டெல்லா ஏசியாட்டிக்கா. அதாவது ஒன்று நீர்ப்பிரமி, இன்னொன்று வல்லாரை. ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத இரண்டு செடிகள். தாவர இயலில் இரண்டும் வேறு வேறு குடும்பம். மருந்துகளின் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கத்தானே செய்யும்? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பக்கத்து ஆள் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். எங்கள் பக்கம் என்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வட்டாரம். 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. இன்று களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை வந்தால் கடைப்பலகை மலையாளத்துக்கு மாறிவிடும், பேச்சு மட்டும் மாறாது. செடிகளுக்கும் எல்லை தெரியாது. வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். வட்டமாக, நீளக் காம்போடு, ஓரம் பல்பல்லாக, பார்த்தால் மூளையைக் குறுக்கே வெட்டிவைத்த மாதிரி இலை இருந்தால் வல்லாரை. மலையாளத்தில் குடங்கல், முத்தில். தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னதாக, கொழுத்து, சதைப்பற்றோடு இலை, வெளிறின ஊதாவோ வெள்ளையோ பூ, வாயில் வைத்தால் கசப்பு என்றால் நீர்ப்பிரமி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சும்மா ஊர்ப்பெருமை பேசவில்லை, அச்சில் ஆதாரம் இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் கவர்னராக இருந்த வான் ரீட், மலபார் செடிகளைப் பற்றி ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். 'ஹோர்தூஸ் மலபாரிகூஸ்'. செடிகளின் பெயரையும் குணத்தையும் அவருக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அந்த நூலின் பத்தாம் தொகுதியில் 'பிரமி' ஒரு படம், 'கொடகன்' இன்னொரு படம், தனித்தனிப் பக்கங்களில். கொடகன் என்பது நம் குடங்கல்தான். பின்னால் லின்னேயஸ் 1753ல் வல்லாரைக்கு லத்தீன் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டியவற்றில் இந்தக் கொடகன் படமும் ஒன்று. லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் நீர்ப்பிரமிக்கு 'பிராமியா' என்றே ஒரு பேரினம் வைத்தார். ஆக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையாள வைத்தியருக்கு எது எது என்பதில் சந்தேகமே இல்லை. (லத்தீனிலேயே கிடந்த அந்தப் பன்னிரண்டு தொகுதிகளை மணிலால் என்ற தாவரவியல் பேராசிரியர் வாழ்நாள் வேலையாக எடுத்து மொழிபெயர்த்தார், ஆங்கிலத்தில் கேரளப் பல்கலைக்கழகம் 2003ல் வெளியிட்டது. அவரைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.)

பிறகு குழப்பம் எங்கிருந்து வந்தது? வடக்கிலிருந்து. ஹரித்வார் பக்கம் பிராமி என்று கேட்டால் வல்லாரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பதினாறாம் நூற்றாண்டு பாவபிரகாசம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குணத்தையும் ஒன்றுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. சரக சம்ஹிதையில் மேதையை வளர்க்கும் ரசாயனங்கள் என்று நான்கு வருகின்றன: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்குபுஷ்பி. இதில் மண்டூகபர்ணிதான் வல்லாரை. கவனியுங்கள், இந்த நாலில் பிராமி இல்லை. சங்குபுஷ்பியிலும் இதே கதைதான். கேரளத்தில் சங்குபுஷ்பம் என்றால் வேலியில் படரும் நீலக் காக்கட்டான். வடக்கில் அது கன்வால்வுலஸ் என்ற வேறு செடி. விஷ்ணுகிரந்தியை எடுத்து அந்தப் பெயரில் போடுகிறவர்களும் உண்டு. ஒரே சுலோகத்தை வைத்துக்கொண்டு மூன்று ஊரில் மூன்று செடியைக் காய்ச்சினார்கள். கடைசியில் அரசாங்கத்தின் ஆயுர்வேத மருந்து நூல் வந்து, பிராமி என்றால் பக்கோபா, மண்டூகபர்ணி என்றால் செண்டெல்லா என்று பிரித்து எழுதியது. கேரள வைத்தியர்கள் சொல்லிவந்ததுதான் ஜெயித்தது. கடைப் புட்டிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

எங்கள் எல்லைக் கிராமங்களில் இன்னொரு விசேஷம் உண்டு. வைத்தியம் பார்த்த ஆசான்மார்களின் ஓலைகள் பெரும்பாலும் தமிழ். வர்மம், சித்த வைத்தியம் இரண்டும் கலந்த வழி. மலையாளத்தில் மர்ம சிகிச்சை என்பார்கள். மாநிலம் பிரிந்ததும் கிழக்கே இருந்தவர் சித்த வைத்தியர், மேற்கே இருந்தவர் ஆயுர்வேதத்தின் நிழலில் ஒதுங்கியவர் என்று ஆகிப்போனது. முஞ்சிறையில் இருக்கும் சித்த மருத்துவக் கல்லூரியின் பெயரில் இன்றும் 'அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம்' இருக்கிறது. திருவிதாங்கூர் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, சங்கம் பெயரை மாற்றவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தச் செடிகளை நம்மவர்கள் எதற்குக் கொடுத்தார்கள்?

கேரள வைத்தியர்களுக்கு வேதம் மாதிரி இருப்பது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். பிரமி நெய் அங்கே வருவது பைத்தியத்துக்கும் காக்காய்வலிப்புக்கும். குழந்தைக்குப் புத்தி தெளிய, திக்கில்லாமல் பேச, படித்தது மனதில் நிற்க என்றும் பிரமி வரும். எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் பிரமிச் சாறு கொடுப்பதும், தமிழ்ப் பக்கம் வல்லாரைத் துவையல் அரைப்பதும் அந்த வழியில் வந்த பழக்கம்தான். ஆனால் எழுபது வயதில் மகளின் பெயரை மறந்துபோன ஆளுக்கு இந்த நெய்யைக் கொடு, திரும்பக் கிடைக்கும் என்று அந்த நூல் சொல்லவில்லை. ரசாயனங்களை எந்த வயதில் சாப்பிட வேண்டும் என்பதற்கு வாக்படரே கணக்கு வைத்திருக்கிறார்: இளமையிலோ நடுவயதிலோ. கிழவனான பிறகு என்று அவர் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், வயதான காலத்து மறதியை நம்மவர்கள் வியாதியாகவே நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். மலையாளத்தில் அத்தும் பித்தும். எங்கள் பக்கம் 'அவியளுக்கு ஓர்மை இல்ல' என்பதோடு முடிந்தது. திட்டுவதும் சிரிப்பதும் சோறு ஊட்டுவதுமாக வீட்டுக்குள்ளேயே கழிந்த விஷயம். வைத்தியரிடம் கொண்டுபோகிற விஷயம் அல்ல. வெள்ளைக்காரனும் அப்படித்தான் இருந்தான் என்பது பலருக்குத் தெரியாது. அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1906ல் விவரித்த நோயாளி கிழவி அல்ல. 1901ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 51. அதனால் அரை நூற்றாண்டுக்கும் மேல் அதை நடுவயதில் வரும் அபூர்வ நோய் என்றே வைத்திருந்தார்கள். கிழவர்களின் மறதியில் பெரும்பகுதியும் அதே நோய்தான் என்று ராபர்ட் காட்ஸ்மன் அழுத்திச் சொன்னது 1976ல். ஆக 'முதுமை அல்சைமருக்கு மூவாயிரம் ஆண்டு மூலிகை' என்று யாராவது சொன்னால், நோய்க்கே ஐம்பது வயதுதான் ஆகிறது என்று சொல்லுங்கள்.

வல்லாரையின் கதை இதைவிட வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது மூளைக்காக அல்ல, தோலுக்காக. மொரீஷியஸில் ஒரு டாக்டர் குஷ்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். புதுச்சேரியில் லெப்பீன் என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1855 வாக்கில் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து 'வெல்லாரின்' என்று பெயர் வைத்தார். ஆமாம், வல்லாரையிலிருந்துதான். நம் கீரையின் பெயர் வேதியியல் புத்தகத்தில் ஏறிய கதை! திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவராக இருந்த எட்வர்ட் ஜான் வாரிங் தொகுத்து 1868ல் வந்த இந்திய மருந்து நூலிலும் வல்லாரை இருக்கிறது, அதுவும் குஷ்டத்துக்கும் தோல் வியாதிக்கும்தான். மடகாஸ்கரில் 1941ல் பிரித்தெடுத்த ஏசியாட்டிகோசைடு இன்றும் புண் ஆற்றும் களிம்புகளில் வருகிறது. மூளைக்கான ஆராய்ச்சி பிந்தி வந்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வல்லாரை கொடுத்துப் பார்த்த அப்பா ராவ் குழுவினரின் ஆய்வு இந்திய மனநல மருத்துவ இதழில் 1977ல் வந்தது. அதிலும் பாருங்கள், குழந்தைகள்தான்.

பிரமியின் பக்கம் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் வருகிறது. 1960களில் சாட்டர்ஜி, ரஸ்தோகி, தர் ஆகியோர் பக்கோசைடு ஏ, பி என்று இரண்டைப் பிரித்தார்கள். 1982ல் எச். கே. சிங்கும் தவனும் எலிகளுக்குக் கொடுத்து, கற்றுக்கொள்வது வேகமாகிறது என்று எழுதினார்கள். (பக்கோசைடு ஏ என்பது ஒரே பொருள்கூட அல்ல, நாலு சப்போனின்களின் கலவை என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வேலையில் இது பெரிய தலைவலி: எந்தப் புட்டியில் எது எவ்வளவு என்று அளந்தால்தான் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடவே முடியும்.) 1990களின் நடுவில் அந்த ஆராய்ச்சியை வைத்து சென்னையின் வெல்வெட் நிறுவனம் 'மெமரி பிளஸ்' மாத்திரையைக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் விஸ்வநாதன் ஆனந்த் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்து வந்த விளம்பரம்தான். தாத்தா பாட்டி பக்கம் விளம்பரம் திரும்பியது அதற்கும் பிறகு.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? பிரமி பற்றி 2014ல் 9 ஆய்வுகளை, மொத்தம் 518 பேரை, சேர்த்துப் பார்த்தார்கள். கவனமும் பதில் சொல்லும் வேகமும் கொஞ்சம் கூடலாம் என்று வந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் நல்ல சுகமாக இருந்தவர்கள், டிமென்ஷியா நோயாளிகள் அல்ல. அல்சைமர் நோயாளிகளிடமே, டோனபெசில் மாத்திரையோடு பிரமியை ஒப்பிட்டு ஒரு சின்ன ஆய்வு 2020ல் வெளிவந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றது. உடனே 'பிரமி மாத்திரைக்குச் சமம்' என்று தலைப்புப் போட ஆள் இருக்கிறது. சின்னக் கூட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும், இரண்டும் சமம் என்பதும் ஒன்றல்ல. ஒப்பிட வெறும் மாத்திரை கொடுத்த கூட்டம் இல்லாதபோது அப்படிச் சொல்லவே முடியாது. வல்லாரைக்கு 2017ல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்: அறிவுத்திறனில் மாற்றம் தெரியவில்லை, கொஞ்சம் உற்சாகம் கூடலாம். அவ்வளவே.

இதற்காகச் செடியிலிருந்து மருந்தே வராது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் இரண்டு செடியின் பிள்ளைகள். கேலன்டமின், பனிக்காலம் முடியும்போது பூக்கும் ஸ்னோடிராப் இனத்திலிருந்து 1950களில் எடுத்தது. பல்கேரியாவில் பாஸ்கோவ் அதை முதலில் போலியோவுக்குப் பிந்தைய பலவீனத்துக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி 2001ல். ரிவாஸ்டிக்மினின் மூதாதை, ஆப்பிரிக்காவின் கலபார் பக்கம் குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தின்னக் கொடுத்த விஷக்கொட்டை. இரண்டும் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன. நோயை நிறுத்துவதில்லை, சிலருக்குச் சில காலம் தள்ளிப்போடும். செடியிலிருந்து மாத்திரைவரை வந்த வழியில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்கு இருக்கிறது. கணக்கு இல்லாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிங்கோ உதாரணம். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3069 அமெரிக்கர்களிடம் ஆறு வருஷம் கொடுத்துப் பார்த்து, 2008ல் முடிவு சொன்னார்கள்: டிமென்ஷியா வருவதை அது தடுக்கவில்லை. பிரமிக்கு இவ்வளவு பெரிய சோதனையை இதுவரை யாரும் செய்யவில்லை. பில்லியன் கணக்கில் விற்கும் சந்தைக்கு அதில் அவசரமும் இல்லை.

பாறசாலையிலிருந்து மைனி ஒருநாள் ராத்திரி போன் பண்ணினார்கள். "தம்பி, மாமிக்கி இப்பம் ஆளே தெரிய மாட்டேங்கு. நேத்து என்னையப் பாத்து நீ யாரு பிள்ளன்னு கேக்காவ. ஆஸ்பத்திரில குடுத்த குளிகைய நிறுத்திட்டு பிரமி நெய் மட்டும் குடுத்தா போருமான்னு அண்ணன் கேக்கச் சொன்னாவ." மாமி என்பது என் பெரியம்மை. இருபது வருஷச் சர்க்கரை நோயாளி. குளிகையை நிறுத்த வேண்டாம் மைனி என்றேன், திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு இருப்பதும் சரியும். பி12, தைராய்டு பார்த்தார்களா, எங்காவது விழுந்தார்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. சர்க்கரைக்கு மெட்பார்மின் ரொம்ப நாள் சாப்பிட்டால் பி12 குறையும். பி12 குறைந்தாலும் மறதி வரும். தைராய்டு குறைந்தாலும், விழுந்து மண்டைக்குள் ரத்தம் கசிந்து நின்றாலும் வரும். இவை மருந்துக்கு மடங்கும் மறதிகள். நெய்யைக் குடித்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் கைவிட்டுப் போகிறவையும் இவைதான். பெரியம்மைக்கு பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டார்கள். நடையில் தள்ளாட்டம் குறைந்தது, பகலில் கொஞ்சம் தெளிவு. மைனியின் பெயர் திரும்பி வரவில்லை.

பிரமி நெய்யை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். சர்க்கரையும் கொழுப்பும் உள்ள ஆளுக்குத் தினம் இரண்டு கரண்டி நெய் வேண்டாம் என்று அவர்கள் டாக்டரே சொல்லிவிட்டார். பிரமிக்கு வயிற்றைப் புரட்டும் குணம் உண்டு, டோனபெசிலுக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் சாப்பாடு இறங்காது. கீரையாகச் சாப்பிடும் வல்லாரை வேறு, மாத்திரையாக இறுக்கிய வல்லாரை வேறு. அர்ஜென்டினாவில் உடம்பு இளைக்க அந்த மாத்திரையைச் சில வாரங்கள் விழுங்கிய மூன்று பெண்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததை 2005ல் எழுதினார்கள். இன்னும் ஒன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு: பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று ஏதாவது ஒன்று இருந்தது. இது 2004ல்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023ல் வெளியான கணக்கு சொல்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, கிழவர்கள் மட்டும் மிஞ்சிய வீடுகள் நெய்யாற்றின்கரைப் பக்கம் எத்தனை என்று அங்கே பஸ்ஸில் போனாலே தெரியும். கேரளம் இதில் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டது. குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992ல் அல்சைமர் நோயாளிகளுக்காக ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். இன்று நாடு முழுக்கக் கிளைகள். 2005ல் பிளெஸ்ஸி எடுத்த 'தன்மாத்ரா'வில் மோகன்லாலைப் பார்த்த பிறகுதான் பல வீடுகளில் அத்தும் பித்தும் என்பதற்கு இன்னொரு பெயர் உண்டு என்று தெரிந்தது. பார்க்காதவர்கள் பாருங்கள், கைக்குட்டை அவசியம்.

வாக்படர் நடுவயது என்று சொன்னதை நினைத்துக்கொண்டே 2024ல் வந்த லான்செட் குழுவின் அறிக்கையைப் படித்தேன். டிமென்ஷியாவில் 45 சதவீதம், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களோடு சம்பந்தப்பட்டது என்கிறார்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தனிமை, காது கேட்காமல் போவது இப்படி. இவற்றில் பலதைக் கவனிக்க வேண்டிய காலம் நாற்பதும் ஐம்பதும். இதை எழுதுகிறவனும் படிக்கிறவர்களில் பாதிப் பேரும் நிற்கிற வயது. பெரியம்மைக்குக் காது மந்தமாகிப் பத்து வருஷம் இருக்கும். மிஷின் வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அதற்கு யாரும் மின்னஞ்சலில் சுலோகம் அனுப்பவில்லை. மைனியிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் காது பார்க்கப் போகிறார்கள்.